கன்ட்ரோலர் மாற்றும் காரியம்

பேட்டரி வண்டி நடுவழியில் நின்றுபோனால் அதன் சொந்தக்காரர் முதலில் பழிப்பது பேட்டரியை. பேட்டரியின் மேல் குற்றமில்லை என்று தெரிந்தால் மோட்டாரை. அதுவும் குற்றமற்றது என்று நிரூபணமான பிறகுதான், இருக்கைக்கு அடியிலோ சைக்கிள் சட்டத்தின் ஓரத்திலோ கவனிப்பாரின்றிக் கிடக்கும் உள்ளங்கை அகலமுள்ள அலுமினியப் பெட்டியின் ஞாபகம் அவருக்கு வருகிறது. கன்ட்ரோலர் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பெட்டி பழுதானால் அதைச் செப்பனிட்டுக் கொள்வோர் சிலர். புதிது வாங்கி மாற்றுவோரே அநேகர். கடையில் ‘48 வோல்ட், 350 வாட்’ என்று சொல்லி நீட்டப்படும் ஒன்றை விலை பேசி வாங்கி வந்து, நிறத்துக்கு நிறம் வயரைச் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, ஓட்டிப் பார்ப்பதே வழக்கமாக இருக்கிறது. ஓடினால் அதிர்ஷ்டம், புகைந்தால் விதி என்று நினைக்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையே விஞ்ஞானத்துக்கும் சிறிது இடம் உண்டு.

காரைக்குடியின் செக்காலைப் பக்கம் ஓடும் இத்தகைய வண்டிகளில் இரண்டு ரகங்களே இந்தக் கட்டுரைக்கு உரியவை. ஒன்று, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத, ஓட்டுநர் உரிமம் வேண்டாத சிறு ஸ்கூட்டர். கோயம்புத்தூரில் 2008-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆம்பியர் போன்ற நிறுவனங்கள் இத்தகைய வண்டிகளைச் சிற்றூர்கள் வரை கொண்டு சேர்த்தன. மற்றொன்று, சாதாரண சைக்கிளின் சக்கரத்தில் ஹப் மோட்டாரை வைத்துக் கட்டிய மாற்றுச் சைக்கிள். ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இன்று தயாராகும் வேகமான ஸ்கூட்டர்களை நான் இங்கே சேர்க்கவில்லை. அவற்றின் கன்ட்ரோலர் பேட்டரியோடும் திரையோடும் தமக்கே உரிய சங்கேதத்தில் இடைவிடாது பேசிக்கொண்டிருப்பதால், கடைச்சரக்கு ஒன்றை அதன் ஸ்தானத்தில் வைக்க முடியாது. அவற்றுக்குக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரே கதி.

ஹப் மோட்டார் என்பது சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடங்கிய மோட்டார். நடுவே அசையாமல் நிற்கும் இரும்புப் பற்களின் மேல் செப்புக் கம்பி மூன்று கூட்டங்களாகச் சுற்றப்பட்டிருக்க, அதைச் சூழ்ந்து சுழலும் வளையத்தின் உட்புறத்தில் வலிய நியோடிமியக் காந்தங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கின்றன. பழைய நேர்மின்சார மோட்டார்களில் எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் போகவேண்டும் என்பதை, சுழலும் செப்புத் துண்டுகளின் மேல் உரசிக்கொண்டிருக்கும் கார்பன் பிரஷ்களே தீர்மானித்தன. உரசல் இருந்ததால் தேய்மானமும் பொறியும் கரித்தூளும் இருந்தன. அந்த உரசலை அறவே நீக்கிவிட்டு, அதன் வேலையைத் திடநிலை மின்னணுச் சாதனங்களிடம் ஒப்படைக்கலாம் என்று அமெரிக்காவில் வில்ஸன், டிரிக்கி என்ற இருவர் 1962-இல் வெளியிட்ட ஆய்வுரையில் காட்டினார்கள். கன்ட்ரோலர் என்று நாம் வாங்குவது, அவ்வாறு மோட்டாரை விட்டு வெளியே வந்து தனிப் பெட்டிக்குள் குடியேறிய அந்தத் தீர்மானிக்கும் பொறுப்பைத்தான்.

தீர்மானிப்பதென்றால், காந்தம் இந்தக் கணத்தில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும். 1879-ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் மாணவராயிருந்த எட்வின் ஹால் என்பவர், மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரம் பாயும்போது அதற்குக் குறுக்கே காந்தப் புலத்தை நிறுத்தினால், தகட்டின் இரு ஓரங்களுக்கும் இடையே ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கிறது என்று கண்டார். அந்த விளைவையே ஆதாரமாகக் கொண்ட மிளகளவுச் சில்லுகள் மூன்று, இன்று பெரும்பாலான ஹப் மோட்டார்களுக்குள் பதிந்திருந்து, தம்மைக் கடப்பது வடதுருவமா தென்துருவமா என்பதைக் கன்ட்ரோலருக்கு ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. 23 ஜோடிக் காந்தங்கள் கொண்ட மோட்டாரில், ஒரு ஜோடிக்கு ஆறு அறிவிப்புகள் வீதம், சக்கரம் ஒரு தடவை சுற்றுவதற்குள் 138 அறிவிப்புகள் வருகின்றன. 26 அங்குலச் சக்கரமுள்ள சைக்கிள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, நொடிக்குச் சுமார் 460 தடவை கன்ட்ரோலர் மின்சாரத்தின் பாதையை ஒரு சுருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறது.

பாதை மாற்றும் வேலையைச் செய்பவை மாஸ்ஃபெட் என்னும் மின்னணுச் சுவிட்சுகள். இவற்றின் மூதாதையை 1959-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முகமது அட்டல்லாவும் டாவன் காங்கும் செய்தார்கள். மூன்று மோட்டார் வயர்களுக்கு மேலும் கீழுமாகக் குறைந்தது ஆறு மாஸ்ஃபெட்டுகள் வேண்டும். அவை பாதை மாற்றுவதோடு நில்லாமல், நொடிக்குப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட தடவை திறந்து மூடி, பேட்டரியின் 48 வோல்ட்டைத் துண்டு துண்டாக நறுக்கி, நாம் த்ராட்டிலைத் திருகிய அளவுக்கே மோட்டாருக்கு அனுப்புகின்றன. இங்கேதான் வாங்குவோர் பலருக்கும் தெரியாத ஒரு விசேஷம் மறைந்திருக்கிறது. வண்டி புறப்படும்போது மோட்டாருக்குத் தேவையான மின்னழுத்தம் சொற்பம். பேட்டரி தரும் 48-இல் நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். சக்தி எங்கும் மறைந்துவிட முடியாதாகையால், அழுத்தம் நான்கில் ஒன்றானால் ஓட்டம் நான்கு மடங்காகும். பேட்டரி வயரில் 15 ஆம்பியர் ஓடும் அதே சமயம், மோட்டார் வயரில் 60 ஆம்பியர் வரை ஓடக்கூடும். மாஸ்ஃபெட்டின் மின்தடை ஓம் ஒன்றின் ஆயிரத்தில் ஐந்து பங்குதான் என்றாலும், 60 ஆம்பியரின் வர்க்கத்தை அதனால் பெருக்கினால் 18 வாட் வெப்பம் வருகிறது. விரல் நகத்தளவுள்ள ஒரு பொருளுக்கு அது சாமானிய வெப்பமல்ல. ஆகவே வண்டி வேகமாக ஓடும்போது கன்ட்ரோலர் எரிவதைக் காட்டிலும், பாரத்தோடு மெதுவாக ஏறும்போதும், சக்கரம் பள்ளத்தில் சிக்கியிருக்க த்ராட்டிலை முழுவதும் திருகும்போதுமே அது பெரும்பாலும் எரிகிறது.

செக்காலையில் ஒரு பட்டறையில் அவ்வாறு எரிந்துபோன கன்ட்ரோலர் ஒன்றைப் பிரித்துக் காட்டினார்கள். இரு முனையிலும் இருந்த திருகுகளைக் கழற்றி, வயர்க் கற்றை வெளியேறும் வாயில் பூசியிருந்த ரப்பர்ப் பசையைக் கத்தியால் கீறி எடுத்தவுடன், போர்டு ஒரு இழுப்பறைபோல் வெளியே வந்தது. ஆறு மாஸ்ஃபெட்டுகளும் ஒரே வரிசையில், முதுகை அலுமினியச் சுவரில் சாய்த்து, ஒரு பட்டையால் இறுக்கப்பட்டிருந்தன. நான்காவதன் நெற்றி வெடித்திருந்தது. அதன் அடியில் செப்புத் தடம் கருகிச் சுருண்டிருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பெரிய கெபாசிட்டர்களில் ஒன்றின் தலை மேடிட்டிருந்தது. அதன் சட்டையில் 63 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. அப்போது ஸ்கூட்டரின் சொந்தக்காரரான முதிய அம்மையார், “தம்பி, இதைவிடப் பெருசா ஒண்ணு போட்டா வண்டி வேகமாப் போகுமா?” என்று கேட்க, “போகும் ஆச்சி, பேட்டரிதான் தாங்காது” என்று அதைப் பிரித்த பட்டறை இளைஞர் பதில் சொன்னார். கன்ட்ரோலர் தேர்ந்தெடுக்கும் சாஸ்திரத்தில் முக்கால் பங்கு அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய விசாரணை ஒன்று இருக்கிறது. பழையது எதனால் செத்தது, உண்மையிலேயே செத்ததா என்று தெரியாமல் புதியதை வாங்குவது அறிவுடைமையாகாது. பிரேக் பிடியில் உள்ள சிறு சுவிட்ச் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால், பிரேக் பிடித்திருப்பதாக எண்ணிக் கன்ட்ரோலர் மௌனமாயிருக்கும். த்ராட்டிலின் வயர் அறுந்தாலும் அப்படியே. இவை சில பத்து ரூபாய்க் கோளாறுகள். பேட்டரியை இணைத்தபடி த்ராட்டிலின் சிவப்பு, கறுப்பு வயர்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தால் 5 வோல்ட் இருக்கவேண்டும். மூன்றாவது வயரில் ஏறத்தாழ 1 வோல்ட்டில் தொடங்கி, திருகத் திருக 4 வோல்ட்டுக்குச் சற்று மேல் வரை ஏறவேண்டும். அதேபோல் சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினால், ஹால் வயர்கள் மூன்றும் மாறி மாறிச் சுழிக்கும் ஐந்துக்கும் தாவவேண்டும். ஒன்று அசையாமல் நின்றால் குற்றவாளி மோட்டாருக்குள் இருக்கிறது, கன்ட்ரோலர் நிரபராதி. பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிந்தபின், மீட்டரை டையோடு நிலையில் வைத்து, அதன் சிவப்பு முனையைக் கன்ட்ரோலரின் கறுப்பு பேட்டரி வயரிலும், கறுப்பு முனையை மூன்று மோட்டார் வயர்களிலும் ஒவ்வொன்றாகத் தொடவேண்டும். மூன்றிலும் அரை வோல்ட் அளவு ஒரே மாதிரி காட்டினால் கீழ்வரிசை மாஸ்ஃபெட்டுகள் பிழைத்திருக்கின்றன. ஒன்றில் சுழி காட்டினால் அது ஷார்ட் ஆகிவிட்டது. மேல்வரிசைக்கும் இதே சோதனையைச் சிவப்பு பேட்டரி வயரிலிருந்து, முனைகளை மாற்றிச் செய்யலாம். வண்டியை அணைத்து வைத்திருக்கும்போதே சக்கரம் கையால் உருட்டினால் விட்டுவிட்டுத் தடைப்பட்டு, மோட்டார் வயர்களைக் கழற்றியதும் தாராளமாகச் சுழன்றால், மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிவிட்டது என்ற முடிவுக்கு மீட்டர் இல்லாமலேயே வரலாம்.

எரிந்தது உறுதியானபின், அச்சு முனையில் வயர் வெளியேறும் இடத்தை உற்றுப் பார்ப்பது அவசியம். அச்சின் நட்டு தளர்ந்து, அச்சு சட்டத்துக்குள் சற்றே புரண்டுவிட்டால், அதன் துளை வழியாக வரும் வயர்கள் திருகி நைந்து, தடித்த மோட்டார் வயரின் மின்சாரம் மெல்லிய ஹால் வயரில் ஏறி, கன்ட்ரோலரின் மூளையையே கொன்றுவிடும். இதைக் கவனியாமல் போடப்படும் புதிய கன்ட்ரோலர், முதல் த்ராட்டிலிலேயே பழையதன் வழியில் போகும்.

இனித் தேர்வுக்கு வருவோம். கன்ட்ரோலரை மோட்டாருக்காக வாங்குவதாக நினைக்கிறோம். நான் பேட்டரியிலிருந்து தொடங்கச் சொல்வேன். இதைச் சொல்வதற்குக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊரார் வாயில் சிக்ரி, இங்கேதான் இருக்கிறது. பேட்டரிக்குள் ரசாயன சக்தி எவ்வாறு மின்சாரமாகிறது, எவ்வளவு அவசரப்படுத்தினால் எவ்வளவு வீணாகிறது என்பவை அந்த நிலையத்தின் ஜீவநாடியான விஷயங்கள். லித்தியம் அயனி பேட்டரிக்கான அதன் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு வழங்கும் ஒப்பந்தம் 2018 ஜூன் மாதத்தில் கையெழுத்தாயிற்று. ஈய அமில பேட்டரியை வேகமாகக் காலி செய்தால் அதிலிருந்து கிடைக்கும் மொத்த மின்சாரமே குறைந்துவிடுகிறது என்று பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே கணக்கிட்டார். கன்ட்ரோலரின் மேல் எழுதிய ஆம்பியர் எண்ணிக்கை, பேட்டரியை எவ்வளவு அவசரப்படுத்த அதற்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது என்பதன் அளவேயாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சில வருஷம் உழைத்த ஈய அமில பேட்டரி நான்கு, 48 வோல்ட்டுக்குத் தொடராகக் கட்டியவை, வயர்களையும் சேர்த்து 0.3 ஓம் உள்தடை பெற்றுவிட்டன என்று கொள்வோம். 15 ஆம்பியர் எடுத்தால் உள்ளேயே நாலரை வோல்ட் விழுகிறது. சுமார் 68 வாட் வெப்பமாக வீணாகிறது. 30 ஆம்பியர் எடுத்தால் 9 வோல்ட் விழுகிறது. வெப்பம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகி 270 வாட் ஆகிறது. 49 வோல்ட்டில் நின்ற பேட்டரி 40-க்குச் சரிய, 42-க்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும் என்று கட்டளையிடப்பட்ட கன்ட்ரோலர் வண்டியை நிறுத்திவிடுகிறது. வாங்கியவரோ ‘பெரிய கன்ட்ரோலர் போட்டும் வண்டி இழுக்கவில்லை’ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்.

மின்னழுத்தத்தைப் பொறுத்தவரை, பெயரளவு எண்ணை நம்பலாகாது. முழுச் சார்ஜில் உள்ள எண்ணையே பார்க்கவேண்டும். 48 வோல்ட் என்று விற்கும் லித்தியம் பேட்டரி 13 செல் கொண்டதானால் 54.6 வோல்ட்டில் நிறையும். இரும்புப் பாஸ்பேட் ரகத்தில் 16 செல் கொண்டது 58.4 வோல்ட்டில் நிறையும். இரண்டையும் 63 வோல்ட் கெபாசிட்டர் தாங்கும். ஆனால் அதே பெட்டியில் 60 வோல்ட் பேட்டரியைச் சேர்த்தால் 16 செல் நிறையும்போது 67.2 வோல்ட் வரும். கெபாசிட்டரின் தலை மேடிட அது தாராளமாகப் போதும். மாறாக 36 வோல்ட் பேட்டரியை 48 வோல்ட் கன்ட்ரோலரில் சேர்த்தால், நிறைந்த நிலையிலேயே 42 வோல்ட்தான் என்பதால், வண்டி அசையவே மறுக்கும். ஈய அமிலத்திலிருந்து லித்தியத்துக்கு மாறியவர்கள், கீழ் எல்லை எத்தனை வோல்ட் என்று பெட்டியின் ஒட்டியில் பார்த்தே வாங்கவேண்டும்.

ஆம்பியருக்கு வருகிறேன். ஒரு ஆள் ஏறிய சைக்கிள், சமதரையில், காற்றில்லாத வேளையில், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதற்குச் சக்கரத்தில் 200 வாட் அளவு தேவை. மோட்டாரின் நஷ்டத்தையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 250 வாட், அதாவது 48 வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் சொச்சம். புறப்படும்போது சில விநாடிகளுக்கு இதைப்போல் மூன்று பங்கு கேட்கும். பெரிய மேடுகள் இல்லாத காரைக்குடித் தரைக்கு 15 முதல் 18 ஆம்பியர் எல்லையுள்ள, ஆறு மாஸ்ஃபெட் கொண்ட கன்ட்ரோலர் நிறைவாகப் போதும். அதிகப் பாரம் ஏற்றுவோர் ஒன்பது மாஸ்ஃபெட் கொண்டதை வாங்கி, அதன் ஆம்பியர் எல்லையைக் கூட்டாமல் அப்படியே வைத்துக்கொள்ளலாம். வெப்பம் பல தோள்களில் பங்கிடப்பட்டு, பெட்டி நீண்ட நாள் உழைக்கும். ‘350 வாட்’, ‘500 வாட்’ என்று ஒட்டியில் பெரிதாக இருக்கும் எண் வியாபார அலங்காரம். அதன் கீழே பொடி எழுத்தில் உள்ள ஆம்பியரே பிரமாணம்.

மோட்டாரோடு பொருந்துவது அடுத்த காரியம். மோட்டாரின் மூன்று தடித்த வயர்களும் மூன்று ஹால் வயர்களும் மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒரே நிறம் பெற்றிருந்தாலும், ஒரு கம்பெனியின் மஞ்சள் இன்னொரு கம்பெனியின் மஞ்சளாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருவகை வயர்களையும் சேர்க்கக்கூடிய விதங்கள் 36. அவற்றில் மூன்றே வண்டியை முன்னோக்கியும், மூன்று பின்னோக்கியும் செம்மையாக ஓட்டும். மற்றவை உறுமும், அதிரும், சூடேறும். ‘செல்ஃப் லேர்னிங்’ வசதியுள்ள கன்ட்ரோலரில் இரண்டு வெள்ளை வயர்களைச் சற்று நேரம் இணைத்தால் அதுவே சரியான வரிசையைக் கண்டுபிடித்துக்கொள்ளும்; அந்த வசதிக்குக் கொடுக்கும் சிறு தொகை நியாயமானது. எதுவாயினும், சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, த்ராட்டிலை மெல்லத் திருகியே முதல் சோதனை செய்யவேண்டும். சரியான சேர்க்கையில் சக்கரம் வெறுமனே சுழல ஓரிரு ஆம்பியர்தான் செலவாகும். சைன் அலை ரகத்தை வாங்கினால் மோட்டாரின் முனகல் அடங்கும், புறப்பாடு மென்மையாகும். சதுர அலை ரகம் சத்தமிட்டாலும் மலிவு. இது காதின் விருப்பத்தைப் பொறுத்தது, நான் வாதாடமாட்டேன்.

சைக்கிளில் வேகமும் சார்ஜும் காட்டும் திரை இருந்தால், அந்தத் திரையின் பாஷை புதிய கன்ட்ரோலருக்குத் தெரியுமா என்று கேட்காமல் வாங்கக்கூடாது. பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டியிருக்கும். பிரேக் சுவிட்ச் எந்த வகை, த்ராட்டில் ஹால் வகையா என்பவற்றையும் பழையதன் ஒட்டியைப் புகைப்படம் எடுத்துக் கடையில் காட்டி ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

பொருத்தும் முறையிலும் சீதோஷ்ணம் நுழைகிறது. சித்திரை வெயிலில் சாலையோரம் நிறுத்திய ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் காற்றோட்டமின்றிக் கிடக்கும் பெட்டியில், கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகிறது. ஆகவே பெட்டியை ரெக்ஸினில் பொதியாமல், இரும்புச் சட்டத்தில் படியும்படி திருகவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காக வயர் வெளியேறும் வாய் கீழ்நோக்கி இருக்கவேண்டும். மேல்நோக்கி வைத்தால் வயர் வழியே இறங்கும் நீர் நேரே போர்டில் சேரும். முறுக்கி டேப் சுற்றிய செப்பு இணைப்புகள் ஒரே மழைக்காலத்தில் பச்சைக் களிம்பேறி, மின்தடை கூடி, அங்கேயே சூடாகி உருகுகின்றன. உலோக அரிப்பும் சிக்ரியின் ஆராய்ச்சித் துறைகளுள் ஒன்று என்பதை நினைத்தால், அந்த ஊரிலேயே இவ்வளவு வயர்கள் களிம்பேறித் திரிவது சற்று வேடிக்கைதான்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, பேட்டரி நீங்கலாக 60 கிலோ எடையை மிஞ்சாத வண்டியை மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. பதிவும் உரிமமும் வேண்டாம் என்ற சலுகை அதனால் வந்தது. கன்ட்ரோலரில் வேகப்பூட்டு வயரைக் கழற்றி 40 கிலோமீட்டரில் பறப்பவர், அந்தக் கணமே அச்சலுகையை இழந்து, பதிவில்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டுபவராகிறார்.

ஆகவே காரைக்குடியில் 250 வாட் வண்டிக்கு மாற்றுக் கன்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள், தம் பேட்டரியின் வோல்ட்டுக்குப் பொருந்திய, 15 ஆம்பியர் எல்லையுள்ள, செல்ஃப் லேர்னிங் வசதி பெற்ற ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பெரியதற்குக் கொடுக்க எண்ணியிருந்த மிச்சப் பணத்தில் நல்ல கனெக்டர் ஒரு ஜோடியும், பேட்டரி வயருக்கு 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும், அச்சு புரளாமல் தடுக்கும் வாஷர் இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.